கட்டை தெரியும், மரம் தெரியாது

பதிவு போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. செமஸ்டர், ஆய்வேடு, அதுல வழிகாட்டி போட்ட சிவப்பு மை... வழக்கமான புலம்பல்தான், விடுங்க. போன பதிவுல பசுந்தாங் வீட்டு வாசல்ல அம்மா நிக்கிற படம் ஒண்ணு போட்டிருந்தேன். "அம்மா கன்னத்துல என்ன, சந்தனமா?"ன்னு மூணு பேர் கேட்டிருந்தீங்க. சந்தனம் இல்லீங்க, தனக்கா. இப்படி ஒரு வார்த்தையில பதில் சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஆனா அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாடி எங்க குடும்பத்தோட அறுபது வருஷக் கதையும், தாவரவியல்ல முந்நூத்தி அம்பது வருஷக் கதையும் இருக்குன்னு இங்க பேங்காக்குக்குப் படிக்க வந்த பிறகுதான் எனக்கே தெரிஞ்சது. கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க :)

முதல்ல எங்க ஊர். ரங்கூன் நகரத்துக்குக் கிழக்கே, பசுந்தாங் ஓடையை ஒட்டின பகுதி. பர்மிய எழுத்துப்படி பிரிச்சா 'இறால் மலை'ன்னு வரும். மலை எங்கேன்னு கேக்காதீங்க, நானும் இருபது வருஷமாத் தேடிட்டுத்தான் இருக்கேன். வெள்ளைக்காரன் காலத்துல இந்த ஓடைக்கரை முழுக்க அரிசி ஆலைகள். 1852 போருக்குப் பிறகு கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐராவதி டெல்டாவின் அரிசிக்கு உலகம் முழுக்க கிராக்கி. அந்த நெல்லை அறுக்க, மூட்டை தூக்க, ஆலையில நிக்க ஆள் வேணுமே. கங்காணி மேஸ்திரிகள் வழியா தமிழ்நாட்டிலேர்ந்தும் ஆந்திரக் கடற்கரையிலேர்ந்தும் கப்பல் கப்பலா வந்து இறங்கினாங்க. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் ஜனத்தொகை சுமார் 4 லட்சம், அதில் 2 லட்சத்து 12 ஆயிரத்துக்கு மேல் இந்தியர்கள். பாதிக்கு மேல! எங்க பூட்டனும் அப்படி ஒரு ஆலைக்கு மூட்டை தூக்க வந்தவர்தான்.

அவங்க வந்து இறங்கின ஊர்ல பொம்பளைங்க, பிள்ளைங்க, வயல்ல வேலை செய்யிற ஆம்பளைங்க எல்லாரும் கன்னத்துல வெளிர்மஞ்சளா ஏதோ பூசியிருந்தாங்க. அதுதான் தனக்கா. ஒரு மரத்தோட பட்டையை அரைச்ச விழுது. கடையில பொடியாவும் வில்லையாவும் டப்பாவுல கிடைக்கும், ஆனா எங்க வீட்டுல அதெல்லாம் ஏறாது. பசுந்தாங் சந்தையில ஒரு சாண் நீளக் கட்டையா வாங்கிட்டு வருவாங்க. வீட்டுல சௌப்பியின்னு ஒரு வட்டக்கல் இருக்கும். தண்ணி வழிஞ்சு சேர ஓரத்துல சின்னதா ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கும். கல்லுல நாலு சொட்டுத் தண்ணி விட்டு, கட்டையின் பட்டைப் பக்கத்தை வச்சு வட்டமா உரசணும். அழுத்தக் கூடாது. அழுத்தினா உள் மரமும் சேர்ந்து வரும், பூசினா காஞ்சதும் இழுக்கும். அப்பத்தா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். "கட்டைய ஓட்டு, தள்ளாத."

காலையில பள்ளிக்கூடம் கிளம்புறதுக்கு முன்னாடி அந்தக் கல்லோட சத்தம் கேக்கும். சர்ர்... சர்ர்... ரெண்டு கன்னத்துலயும் வட்டமா தனக்கா, நெத்தியில குங்குமப் பொட்டு. இதுதான் எங்க தெருத் தமிழ்ப் பிள்ளைங்களோட முகம். தூரத்துலேர்ந்து பாத்தா பர்மாக்காரி, கிட்ட வந்தா தமிழச்சி.

எங்க வீட்டுல இன்னொரு கல்லும் இருந்தது, உரைமருந்துக் கல். அது ஊர்லேர்ந்து பூட்டி கொண்டு வந்ததாம். கைக்குழந்தைக்கு ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, வசம்பு எல்லாத்தையும் தாய்ப்பால் விட்டு ஒவ்வொரு உரசு உரசி நாக்குல தடவுறது உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். (வசம்பை எங்க அப்பத்தா ராத்திரியில பேர் சொல்ல மாட்டாங்க, 'பேர் சொல்லாதது'ம்பாங்க. ரங்கூன் வரைக்கும் வந்தும் அந்தப் பயம் விடல.) உரைமருந்துக் கல்லுல தனக்கா உரசக் கூடாது, சௌப்பியின்ல மருந்து உரசக் கூடாது. மீறினா வீட்டுல பெரிய ரகளை. எனக்கு இப்போ என்ன தோணுதுன்னா, தனக்கா நம்மாளுங்களுக்கு அவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கிட்டதுக்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணமா இருக்கணும். ஒரு கட்டையைக் கல்லுல உரசி உடம்புல தடவுறது தமிழ்நாட்டுக் கிராமத்துலேர்ந்து வந்தவளுக்குப் புதுசே இல்லையே. சந்தனக்கட்டை போன இடத்துல தனக்கா கட்டை வந்து உக்காந்துக்கிட்டது.

தனக்காவோட சரித்திரம்னு தேடினா பர்மாக்காரங்களும் பழம்பெருமையில நமக்குச் சளைச்சவங்க இல்லை. பெய்க்தானோ நகரத்து ராணி ஒருத்தி ஈராயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பூசினாள்னு ஒரு கதை. கதைதான். கொஞ்சம் கெட்டியா நிக்கிற சான்று இலக்கியத்துல இருக்கு. 15-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பிறந்த ஷின் ரட்டசார என்ற பிக்குவின் பாட்டுகளில் தனக்கா வருகிறது. (பிக்குவுக்குப் பெண்கள் பூசுற பூச்சைப் பத்தி என்ன தெரியும்னு கேட்டா, அவரும் எங்க ஊர்க்காரர்தானே, காலையில பிச்சைக்குப் போற வழியில பாத்திருப்பார்!) பெகுவில் ஷ்வேமாடோ பகோடா இருக்கு. 1930 மே மாத நிலநடுக்கத்தில் இடிஞ்சு விழுந்தது. அந்த இடிபாட்டிலேர்ந்து ஒரு சௌப்பியின் கிடைச்சதாகவும், அது 16-ஆம் நூற்றாண்டு அரசர் பயின்னாங்கின் மகள் பயன்படுத்தினது என்றும் சொல்கிறார்கள். ராஜகுமாரி கல்லும் எங்க வீட்டுக் கல்லும் ஒரே வடிவம்ங்கிறது ஒரு சின்ன சந்தோஷம்.

இப்போ தலைப்புக்கு வர்றேன். பசுந்தாங்ல பிறந்து வளர்ந்த நான் ஒரு நாளும் தனக்கா மரத்தைப் பாத்ததில்லை. அம்மாவும் பாத்ததில்லை, அப்பத்தாவும் பாத்ததில்லை. பாக்க வழியும் இல்லை. ரங்கூன்ல வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டும். தனக்கா வறண்ட பூமி மரம். வடக்கே சகாயிங் பகுதியில் ஷ்வேபோ, மகுவே பகுதியில் பக்கொக்கு பக்கம் ஷின்மதாங் மலை. இந்த ரெண்டு இடத்துக் கட்டைக்கும்தான் பேர். எது ஒசத்தின்னு பர்மாக்காரங்க சண்டை போடுறது, நம்மாளுங்க மதுரை மல்லிக்குப் போடுற சண்டை மாதிரி. அந்தப் பக்கம் வருஷ மழை தமிழ்நாட்டுப் புஞ்சைக்காடு மாதிரிதான், செம்மண்ணும் முள்ளுமா இருக்கும். மெதுவா வளர்ற மரம். நல்ல பட்டை வேணும்னா முப்பது, முப்பத்தஞ்சு வருஷம் நிக்கணும்னு பழைய கணக்கு. அப்பா நட்டா மகன் வெட்டணும். எந்த மரத்துல வாசம் ஏறியிருக்கு, எதை இன்னும் விடணும்ங்கிற கணிப்பெல்லாம் அந்தக் கிராமத்துக்காரங்க கையில. நகரத்துல இருக்கிற எங்களுக்கு வர்றது ஒரு சாண் கட்டை மட்டும்.

இனி சின்னப்பத்தா கதை. அப்பத்தாவோட தங்கச்சி, அவங்களும் பசுந்தாங்லயே பிறந்தவங்க. 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போட்டப்போ நாலஞ்சு லட்சம் இந்தியர்கள் அரக்கான் வழியாவும் மணிப்பூர் வழியாவும் நடந்தே போனாங்க, எத்தனையோ பேர் வழியிலேயே செத்தாங்க. எங்க குடும்பம் எப்படியோ தங்கிட்டது. ஆனா 1964-இல் தப்ப முடியல. நெ வின் அரசு கடைகளை நாட்டுடைமை ஆக்கினது. சின்னப்பத்தா வீட்டுக்காரரோட சின்ன மளிகைக்கடையும் போச்சு. அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னுட்டாங்க. (இந்தியாவுல இருக்கிறவங்களுக்கு 2016 ஞாபகம் வருதா?) நகை, பணம் எதையும் கொண்டு போக விடாத காலம். அப்பத்தா இங்கேயே இருந்துட்டாங்க, தாத்தாவுக்கு வேலை இருந்தது. சின்னப்பத்தா இருபத்தி ரெண்டு வயசுல கைப்பிள்ளையோட கப்பல் ஏறி மெட்ராஸ்ல இறங்கி, கடைசியில காளையார்கோவில் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தாங்க. துணிமூட்டைக்குள்ள ஒரு சௌப்பியின், ரெண்டு தனக்கா கட்டை. துறைமுகத்துல சோதனை போட்டவன் கல்லைத் தூக்கிப் பாத்துட்டுச் சிரிச்சானாம்.

கட்டை ரெண்டும் ஒரு வருஷத்துல கரைஞ்சு போச்சு. கல் மட்டும் நின்னது. அதுக்கப்புறம் அவங்க அப்பத்தாவுக்கு எழுதின ஒவ்வொரு கடிதத்துலயும் கடைசி வரி ஒண்ணுதான்: யாராச்சும் வந்தா ஒரு கட்டை குடுத்து விடு. சில கடிதங்கள் இன்னும் எங்க வீட்டுத் தகரப் பெட்டியில இருக்கு. 1969-இல் சென்னையில் பர்மா பஜார் வந்த பிறகு அங்கே போய் விசாரிச்சதா ஒரு கடிதத்துல எழுதியிருக்காங்க. பொடி டப்பாதான் கிடைச்சதாம். "சுண்ணாம்பு மாதிரி இருக்கு"ன்னு ஒரு விமர்சனம் வேற. கிராமத்துல இவங்களுக்கு இன்னிக்கும் 'பர்மாக்காரி'ன்னுதான் பேரு. அங்க எங்களை இந்தியாக்காரன்னு சொல்றாங்க, இங்க இவங்களை பர்மாக்காரின்னு. சரி, அது தனிப் பதிவுக்கான புலம்பல்.

பேங்காக்ல முதல் செமஸ்டர். உலர்தாவரத் தொகுப்புல, அதாவது செடிகளைக் காயவச்சு அட்டையில ஒட்டி வச்சிருக்கிற இடத்துல, எங்களுக்கு ஒரு பயிற்சி. உனக்குத் தெரிஞ்ச ஒரு தாவரத்தை எடுத்து அதோட பேர்களையெல்லாம் தேடிக் கண்டுபிடி. ஊர்ப்பாசத்துல நான் தனக்காவை எடுத்தேன். பர்மியக் கட்டுரைகளில் எல்லாம் 'ஹெஸ்பெரெதூசா கிரெனுலாட்டா'. அந்தப் பேர்ல தேடினா அலமாரியில அடுக்கே இல்லை, 'நாரிங்கி கிரெனுலாட்டா பார்க்கவும்'னு ஒரு சீட்டு. ரெண்டும் ஒரே மரம். சரின்னு 'நாரிங்கி'ன்னு தேடினா தமிழ்நாட்டுத் தாவரப் பட்டியல்கள் வரிசையா வந்து விழுது. தமிழ்ப் பேர்ங்கிற இடத்துல 'மகாவில்வம்'.

நான் கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பாத்துட்டு இருந்தேன். ஏன்னா சின்னப்பத்தா கிராமத்துக்கு நான் போயிருக்கேன். அங்க சிவன் கோயில் பின்பக்கம் ஒரு முள்மரம் இருக்கும், சுத்தி மேடை கட்டி, தகரத்துல 'மகாவில்வம்'னு எழுதி மாட்டியிருப்பாங்க. பிரதோஷம் தவறாம அதைச் சுத்துறவங்க சின்னப்பத்தா.

அவசரப்படக் கூடாதுன்னு பாடத்துல படிச்சிருக்கோம்ல. மகாவில்வம்ங்கிற பேரை எல்லா ஊர்லயும் ஒரே மரத்துக்கு வைக்கிறதில்லை. அதிக இலை விடுற வேற வில்வத்தையும் அப்படிச் சொல்றவங்க உண்டு. அதனால கிராமத்துல இருக்கிற மாமா பையனுக்கு வாட்ஸப்புல ஒரு பட்டியல் அனுப்பினேன். வில்வத்துக்கு மூணு சிற்றிலை. இதுக்கு அஞ்சா, ஏழா? இலைக்காம்புக்கு ரெண்டு பக்கமும் சின்னச் சிறகு மாதிரி விரிஞ்சிருக்கா? இலை ஓரம் அலை அலையா வெட்டியிருக்கா? முள் நேரா இருக்கா? கசக்கினா எலுமிச்சை வாடை வருதா? பத்து படம் அனுப்பினான். எல்லாத்துக்கும் ஆமா.

அறுபது வருஷமா கட்டைக்காகக் கடிதம் எழுதின மனுஷி, அந்த மரத்தைத்தான் பிரதோஷத்துக்குப் பிரதோஷம் சுத்தியிருக்காங்க!

இந்தப் பேர் எப்படி இப்படிப் பிரிஞ்சதுன்னு தோண்ட ஆரம்பிச்சேன். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் 1678-லிருந்து 1693 வரை 12 தொகுதிகளாக வெளியிட்ட 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' புத்தகத்தில் இந்த மரம் 'காட்டுநாரகம்' என்ற மலையாளப் பேரோடு இருக்கு. அந்தப் புத்தகத்துக்குப் பெரும்பகுதி விஷயம் கொடுத்தவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். அவர் கைப்பட எழுதிய சாட்சியம் 1675 தேதியோட முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கு. மூலிகை சொன்னவன் பேர் புத்தகத்துல வர்றது அந்தக் காலத்துல பெரிய அதிசயம், இந்தக் காலத்துலயும்தான். பிற்பாடு 1763-இல் பிரெஞ்சுக்காரர் அதான்சன் 'நாரிங்கி'ன்னு பேர் வச்சார். அது நம்ம நாரகம், நாரத்தைக்குச் சொந்தம். ஆனா அந்தப் பேர் ரொம்ப நாள் புழங்கல. மெட்ராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த ராக்ஸ்பர்க், 1795-இல் தொடங்கின தன் சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள் புத்தகத்தில் 'லிமோனியா கிரெனுலாட்டா'ன்னு போட்டார். அடுத்த நூற்றாண்டில் இன்னொருத்தர் ஹெஸ்பெரெதூசா ஆக்கினார். கடைசியில தாவரவியலாளர்கள் பழைய நாரிங்கிக்கே திரும்பினாங்க. இந்தியாவுல எல்லாரும் மாத்திக்கிட்டாங்க, பர்மாக் கட்டுரைகள்ல பழைய பேரே தங்கிட்டது. போதாததுக்கு, பல புத்தகங்களில் தனக்கான்னா விளாமரம்னு வேற எழுதியிருக்கும். ரெண்டும் எலுமிச்சைக் குடும்பம், பேர்க் குழப்பத்துல ஒண்ணா ஆயிட்டது. ஆக இந்தப் பேர்ல தேடுறவனுக்கு அந்தக் கரை தெரியாது, அந்தப் பேர்ல தேடுறவனுக்கு இந்தக் கரை தெரியாது.

ரங்கூன்ல நாங்க கட்டையைத் தெரிஞ்சு வச்சிருந்தோம், மரத்தைத் தெரியாது. தமிழ்நாட்டுல மரம் தெரியும், அதோட பட்டையை உரசினா என்ன வரும்னு தெரியாது. பழைய மருந்து நூல்களில் இதோட இலை வலிப்புக்கு, வேர் வயித்து வலிக்குன்னு குறிப்பு இருக்கு. முகத்துல பூசலாம்னு நான் பாத்த எதுலயும் இல்லை. மஞ்சள், கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, பயத்தமாவு, சந்தனம்னு இவ்வளவு இருக்கும்போது இன்னொண்ணு எதுக்குன்னு விட்டிருப்பாங்களோ? இல்லை, சாமி மரம் ஆனதால பட்டையில கை வைக்கவே தயங்கினாங்களோ? எனக்கு ரெண்டாவது காரணம்தான் கொஞ்சம் பிடிக்குது. நிரூபிக்கச் சொல்லாதீங்க.

ஆய்வுக்கூடக் கணக்கையும் சொல்லிடறேன். 2004-இல் வந்த ஒரு கட்டுரை இந்த மரத்துல மார்மெசின் என்ற பொருளைப் பிரிச்சு, அது வெயிலின் புற ஊதாக்கதிரில் ஒரு பகுதியைத் தடுக்கும்னு சொன்னது. 2010-இல் இங்க தாய்லாந்து ஆய்வாளர்கள் பட்டையைச் சோதிச்சு, வீக்கத்தைக் குறைக்கிற தன்மை இருக்குன்னும் தோலுக்குப் பாதுகாப்பானதுன்னும் எழுதினாங்க. அப்பத்தா கேட்டிருந்தா "இதுக்கு ஒரு படிப்பா"ன்னுருப்பாங்க.

ஆனா மறுபக்கத்தை மறைக்கிறதும் தப்பு. 2009-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் குடியேறின பர்மிய அகதிக் குழந்தைகள் ரத்தத்துல ஈயம் அதிகமா இருந்தது. தேடிப் பாத்தா முக்கியக் காரணம் 'டாவ் துவே'ன்னு குழந்தைக்குக் கொடுக்கிற செரிமான மருந்து. கூடவே தனக்கா பூசுறதுக்கும் தொடர்பு தெரிஞ்சது. நம்ம வசம்பும் யோக்கியம் இல்லை. அதுல இருக்கிற ஒரு பொருளுக்காக அமெரிக்காவுல 1968-லேயே உணவுல சேர்க்கத் தடை போட்டாங்க. பாட்டி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு பதிவு எழுதுறவங்க (நம்ம வட்டத்துலயே நாலு பேர் இருக்கீங்க, அடிக்க வராதீங்க) இதையும் சேர்த்து எழுதணும்னு என் கோரிக்கை. அம்மாகிட்ட நான் சொன்னது ஒண்ணுதான்: பொடி வேண்டாம், தெரிஞ்ச கடையில கட்டை வாங்கு, கைக்குழந்தை வாய்க்குப் பக்கத்துல பூசாத.

தெரிஞ்ச கடையில கட்டை கிடைக்கணுமே! 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடிச்ச பிறகு சண்டை கடுமையா நடந்த இடங்கள் எதுன்னு பாருங்க. சகாயிங், மகுவே. அதாவது ஷ்வேபோ பக்கமும் ஷின்மதாங் பக்கமும்தான். எரிஞ்ச கிராமங்கள்ல மனுஷங்க கதையே பெருங்கதை, அதுல மரத்தைப் பத்திப் பேச எனக்கே கூச்சமா இருக்கு. ஆனாலும் முப்பது வருஷம் பொறுத்து வெட்ட வேண்டிய மரத்தைக் காக்க ஊர்ல ஆள் இருக்கணும் இல்லையா? 2025 மார்ச் 28 நிலநடுக்கமும் அந்த சகாயிங்லதான். அன்னிக்கு இங்க பேங்காக்ல நாங்க மாடிப்படியில ஓடினோம், வீட்டுக்குப் போன் கிடைக்க ராத்திரி ஆயிட்டது. இப்போ சந்தையில வர்ற கட்டையெல்லாம் விரல் மொத்தம்தான் இருக்குன்னு அம்மா சொல்றாங்க. பிஞ்சு மரம். உரசினா வாசம் வர்றதுக்குள்ள கட்டை முடிஞ்சிடுதாம்.

சின்னப்பத்தாகிட்ட விஷயத்தைச் சொன்னேனான்னு கேப்பீங்க. சொன்னேன். வீடியோ கால்ல ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "நெசமாவாத்தா?"ன்னாங்க. ஆமா சின்னப்பத்தான்னேன். "அதுக்காக சாமி மரத்தையா உரிக்கச் சொல்ற?" "நான் அப்படிச் சொல்லவே இல்லையே!" "சொல்லாத."

அதோட முடிஞ்சதுன்னு நெனச்சேன். மூணு மாசம் கழிச்சு அவங்களே போன் பண்ணினாங்க. காத்துல ஒரு கொப்பு முறிஞ்சு விழுந்துச்சாம். குருக்கள்கிட்ட கேட்டாங்களாம், கீழ விழுந்ததுதானே எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டாராம். பத்து நாள் நிழல்ல காயப் போட்டு, பரண்லேர்ந்து கல்லை இறக்கிக் கழுவி உரசியிருக்காங்க. போனைக் கன்னத்துக்குக் கிட்ட வச்சுக் காட்டினாங்க, எண்பத்தி மூணு வயசுக் கன்னம். பூச்சு திட்டுத் திட்டா இருந்தது.

"வாசம் வருதா சின்னப்பத்தா?"

"வருது, வருது. அதே வாசந்தேன்." கொஞ்சம் யோசிச்சுட்டு, "ஆனா ஷ்வேபோ கட்டை மாதிரி வராதுத்தா. நீ யாராச்சும் வந்தா ஒண்ணு குடுத்து விடு."

அதனால கேக்குறேன் மக்களே. ரங்கூன்லேர்ந்து அடுத்த ரெண்டு மூணு மாசத்துல சென்னை போறவங்க யாராச்சும் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. ஒரே ஒரு கட்டை, ஒரு சாண்தான். கூடவே, உங்க ஊர் கோயில்ல மகாவில்வம்னு பலகை மாட்டின மரம் இருந்தா இலைக்காம்பை ஒரு படம் எடுத்து அனுப்புங்க. சிறகு தெரியற மாதிரி.